குடும்ப சிகிச்சை: கிளினிக்கையும் கல்லூரி வேலையையும் சேர்த்துக் கொண்டுபோவது எப்படி?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை), அதன்மேல் மனநல சமூகப்பணியில் எம்.பில். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஐந்து வருட வேலை, பெரும்பாலும் குடும்பங்களோடுதான். இப்போது ஒரு கலைக்கல்லூரியின் சமூகப்பணித் துறையில் உதவிப் பேராசிரியர் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. வகுப்பு எடுக்க ஆசைதான். ஆனால் குடும்பங்களைப் பார்ப்பது நிற்கக் கூடாது.

என் கேள்விகள்: 'ஃபேமிலி தெரபிஸ்ட்' என்று போர்டு வைக்க இந்தியாவில் தனி உரிமம் உண்டா? கல்லூரி வேலையோடு எத்தனை குடும்பம் தாங்கும்? ஒருவழிக் கண்ணாடி அறை (மறுபக்கத்திலிருந்து அமர்வைப் பார்க்கும் அறை) இல்லாத கல்லூரியில் மாணவர்களுக்கு நேரில் காட்டிச் சொல்லித்தர என்ன வழி? பாடப் புத்தகங்கள் அமெரிக்க, இத்தாலிய வீடுகளை வைத்தே பேசுகின்றன. நம் வீடுகளுக்கு எதை மாற்ற வேண்டும்?

---

பதிவேடு

முதல் கேள்விக்கு நேர் பதில்: இல்லை. அமெரிக்காவில் குடும்ப சிகிச்சை தனித் தொழில், தனி உரிமம். கலிபோர்னியாவில் பட்டத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்திருந்தால்தான் உரிமத்துக்கான கிளினிக்கல் தேர்வுக்கே போக முடியும். இந்தியாவில் குடும்ப சிகிச்சை ஒரு பயிற்சி, ஒரு திறமை. உரிமை உங்கள் அடிப்படைத் தொழிலிலிருந்து வருகிறது.

உங்களுக்கு அந்த அடிப்படை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. சமூகப்பணி முதுகலையோடு, மேற்பார்வையுடன் கூடிய இரண்டு வருட முழுநேர எம்.பில். முடித்தவரே மனநல சமூகப்பணியாளர் என்று அது வரையறுக்கிறது. அதே சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி பதிவு மாநில மனநல ஆணையத்தில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளுக்குப் போல உங்களுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) எண் வராது. இதைக் குழப்பிக்கொண்டு ஆர்.சி.ஐ.க்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் நிறைய. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் மனநல சமூகப்பணியாளர் இருக்கிறார், அதன் அறிவிப்புகளையும் கவனித்துக்கொண்டிருங்கள். போர்டில் 'மனநல சமூகப்பணியாளர்' என்பது மேலே, 'குடும்ப சிகிச்சை' என்பது கீழே. 'டாக்டர்' பிஎச்.டி. வந்த பிறகு. அப்போதும் கிளினிக் போர்டில் பெயருக்குப் பின்னால் பட்டத்தை எழுதுவது நல்லது, மாத்திரை எழுதித் தருபவர் என்று நினைத்து யாரும் வந்துவிடக் கூடாது.

எம்.பில். படிப்பை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டதே என்று பயம் வேண்டாம். முன்பே வாங்கிய பட்டம் செல்லும். கிளினிக்கல் சைக்காலஜி, மனநல சமூகப்பணி எம்.பில். இரண்டுக்கு மட்டும் 2025-26 வரை நீட்டிப்பும் தந்தார்கள்.

கல்லூரிப் பக்கம்: முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, இல்லாவிட்டால் பிஎச்.டி. எம்.பில். மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் ஆய்வுக்குழு வரும்போது கேள்வி வரும். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, கல்லூரியில் நாளுக்கு 5 மணி நேரமாவது இருக்க வேண்டும். இதற்கு வெளியேதான் உங்கள் குடும்பங்கள்.

சேருவதற்கு முன்பே ஒரு காகிதம் வாங்கிவிடுங்கள். வெளியே கிளினிக் நடத்த நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி. 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்பது முதல்வர் மாறும் நாள்வரைக்கும்தான் செல்லும். இதைவிட நல்ல வழி, கல்லூரியே ஒரு குடும்ப ஆலோசனை மையம் தொடங்கி, அதை உங்கள் பணிச்சுமையில் சேர்த்துக்கொள்வது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இதைக் களச் செயல்திட்டம் என்ற பெயரில் நெடுங்காலமாகச் செய்கிறது. காவல்துறைக்குள்ளேயே பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவை 1984இல் அப்படித்தான் தொடங்கினார்கள். சேவை, மாணவர் களப்பணி, ஆசிரியரின் ஆய்வு மூன்றும் ஒரே இடத்தில் நடக்கும்.

ஆய்வு என்றதும் ஒன்று: கிளினிக் குறிப்புகளைப் பின்னால் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்துவைக்காதீர்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தரவு சேர்ப்பதற்கு முன்னால் வர வேண்டும்.

---

மலைக்கோட்டை நிழல்

எத்தனை குடும்பம் தாங்கும்னு கேட்டீங்க. வாரத்துக்கு நாலு அமர்வு. அதுக்கு மேல ஒத்துக்காதீங்க.

கணக்கு சொல்றேன். குடும்ப அமர்வு ஒண்ணு 75 நிமிஷம், முதல் அமர்வுன்னா 90. போன முறை குறிப்பைப் படிக்க 10, முடிஞ்சதும் எழுத 20. ஆக ஒரு குடும்பத்துக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம். நாலு அமர்வு ஏழு மணி நேரம். தனிநபர் ஆலோசனை மாதிரி ஒரே மூச்சுல ஆறு பேரைப் பார்க்க இங்க முடியாது. அஞ்சு பேர் இருக்கற அறையில அஞ்சு பேரோட முகத்தையும் கவனிக்கணும். மூணாவது அமர்வுல நீங்க யார் பக்கமோ சாய்ஞ்சிருப்பீங்க, அது உங்களுக்கே தெரியாது.

ஒவ்வொரு குடும்பமும் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தா கையில எட்டுக் குடும்பம் நிற்கும். வாராவாரம் வரச்சொல்லணும்னு அவசியமில்லை. இத்தாலியில குடும்ப சிகிச்சை செஞ்ச மிலான் குழு மாசத்துக்கு ஒருமுறைதான் பார்த்தாங்க. தூரத்துலேர்ந்து ரயில்ல வர்ற குடும்பங்களுக்காக இடைவெளி விட்டது, அந்தக் குடும்பங்கள்தான் நல்லா மாறுதுன்னு கவனிச்சு அதையே முறையா வெச்சுக்கிட்டாங்க. வீடு மாற நாள் வேணும். நெருக்கடி நேரம், தற்கொலை எண்ணம், புதுசா மனச்சிதைவு வந்த வீடு: இதுக்கெல்லாம் வாராவாரம்தான்.

ரெண்டு மாலை (5.30 மணிக்கு ஒண்ணு ஒண்ணு), சனிக்கிழமை ரெண்டு. புதுக் குடும்பத்தை விடைத்தாள் திருத்தம் தொடங்கறதுக்கு ஆறு வாரம் முன்னாடி எடுக்காதீங்க. முதல் மூணு அமர்வு தள்ளிப்போனா அந்தக் குடும்பம் திரும்ப வராது. பொதுத்தேர்வு மாசமும் முகூர்த்த நாளும் அவங்க பக்கத்துலேர்ந்து ரத்தாகும், காலண்டரை முன்னாடியே பார்த்துக்கோங்க.

முதல் போன் அழைப்புக்கு 15 நிமிஷம் ஒதுக்குங்க, நீங்களே பேசுங்க. யார் கூப்பிடறாங்க, வீட்டுல யார் யார் இருக்காங்க, ஆலோசனைக்கு வரவேண்டாம்னு சொல்றது யாரு, மருந்து ஏதாவது ஓடுதா, அடிதடி உண்டா. பெரும்பாலும் அம்மாதான் கூப்பிடுவாங்க, 'அவர் வரமாட்டார் மேடம்'னு சொல்வாங்க. 'கூட்டிட்டு வாங்க'ன்னு அவங்ககிட்டயே சொல்லி அனுப்பினா அது வீட்டுல புகாராத்தான் போய்ச் சேரும்: 'டாக்டரே உங்களைத்தான் வரச்சொல்றாங்க.' அவங்க சம்மதத்தோட நம்பரை வாங்கி நீங்களே அப்பாவைக் கூப்பிடுங்க. 'பையனைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியணும், ஒரு தடவை வந்தாப் போதும்'னு கேளுங்க. சிகிச்சைக்கு வராதவர் தகவல் சொல்ல வருவார்.

தம்பதியரைச் சேர்த்து உட்கார வைக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு 20 நிமிஷம் தனியாப் பாருங்க. எல்லாத் தம்பதிக்கும் இதுதான் வழக்கம்னு சொல்லிட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அடி உண்டான்னு பொதுவாக் கேட்டா 'இல்லை'ம்பாங்க. 'கோபம் வந்தா என்ன நடக்கும், கை நீளுமா, பொருளை எறிவாரா, கழுத்தைப் பிடிச்சிருக்காரா' இப்படித் துண்டு துண்டாக் கேளுங்க. கழுத்தை நெரிச்சது ஒரு தடவைன்னாலும் அது உயிராபத்துக்கான அறிகுறி. நடந்துக்கிட்டிருக்கிற வன்முறைல கூட்டு அமர்வு கூடாது. அறையில அவங்க சொன்ன உண்மைக்கு வீட்டுல அன்னிக்கு ராத்திரியே அடி விழும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துக் கீழ இருக்கற பாதுகாப்பு அலுவலர், பெண்கள் உதவி எண் 181, இதெல்லாம் அந்தத் தனி அமர்வுலயே அவங்க காதுக்குப் போகணும், ஆனா காகிதமா எழுதிக் குடுக்காதீங்க, வீட்டுல யார் கண்ணுலயாவது படும்.

உங்களுக்கும் மேற்பார்வை வேணும். அஞ்சு மணி நேரம் பார்த்தா ஒரு மணி நேரம் மேற்பார்வைங்கறது அமெரிக்கப் படிப்புகள்ல நெடுநாள் இருந்த விகிதம் (500 மணி நேரத்துக்கு 100). அது மாணவர்களுக்கு. உங்களுக்கு மாசம் ரெண்டு மணி நேரம் போதும். ஒரே துறையில இருக்கறவர்கிட்ட வேண்டாம், நாளைக்கு அவரே உங்க பதவி உயர்வுக் குழுவுல உட்காருவார்.

---

கண்ணாடிக்குப் பின்னால்

கண்ணாடி அறைக்காகக் காத்திருக்காதீர்கள். கட்டினாலும் அதில் தவறுகள் நடக்கும்: குடும்பம் இருக்கும் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும், பார்ப்பவர் பக்கம் இருட்டு. நடுவில் யாராவது கதவைத் திறந்தால் போதும், பத்து நிழல் உருவங்கள் தெரிந்துவிடும். ஒலித்தடுப்பு இல்லாவிட்டால் பின்னால் சிரிக்கும் சத்தம் முன்னால் கேட்கும்.

மலிவான வழி: ஒரு வெப் கேமரா, பக்கத்து அறை டிவிக்கு நீண்ட கேபிள். வைஃபை, மீட்டிங் செயலி எதுவும் வேண்டாம். படம் சுமாராக இருந்தால் பரவாயில்லை, ஒலிதான் உயிர். நம் ஊர் அறைகளில் ஒலியைக் கெடுப்பது சீலிங் ஃபேன். கேமராவில் இருக்கும் மைக் ஃபேனைத்தான் பதிவு செய்யும். மேசை மைக் ஒன்றை மடித்த துண்டின் மேல், குடும்பத்தின் நடுவில், முழங்கால் உயரத்தில் வையுங்கள். ஃபேனை மூன்றாம் எண்ணுக்குக் குறைத்து, சுவர் ஃபேன் ஒன்று ஓரமாக. பேசிப் பார்க்க வேண்டியது முந்தின நாள்.

மாணவர்களோடு அமர்வை நடத்துவது எப்படி என்பதற்கு மிலான் குழுவின் ஐந்து கட்டம் இன்றும் சரியான சட்டகம். முன்கூட்டம் 15 நிமிடம், அமர்வு 50, இடைவேளை 10, திரும்பப் போய்ச் சொல்வது 5, பின்கூட்டம் 15 என்று பிரித்தால் ஒரு களப்பணி மாலையில் அடங்கிவிடும். முன்கூட்டத்தில் மாணவர்களிடம் ஒரு ஊகம் கேளுங்கள். 'பையன் பள்ளிக்குப் போகாததால் வீட்டில் யாருடைய சண்டை நின்றிருக்கிறது?' அமர்வு அந்த ஊகத்தை உடைத்தால் பாடம் நடந்துவிட்டது. உடையவே இல்லை என்றால் மாணவர் அதை நிரூபிக்கும் கேள்விகளை மட்டும் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அமர்வை மாணவர் நடத்தும்போது, பக்கத்து அறையிலிருந்து நீங்கள் அவரை இன்டர்காமில் கூப்பிடுவது அதிகபட்சம் இரண்டு முறை. ஒரு வரி, வினைச்சொல் உள்ள வரி: 'அப்பாவை நேரா மகளோட பேசச் சொல்லுங்க.' விளக்கம் கூடாது. மூன்றாவது முறை மணி அடித்தால் மாணவர் குடும்பத்தைக் கேட்பதை விட்டுவிட்டு மணியைக் கேட்கத் தொடங்கிவிடுவார்.

அடுத்த கட்டம் பிரதிபலிப்புக் குழு. நார்வேயில் டிரோம்ஸோ நகரில் டாம் ஆண்டர்சன் 1985இல் விளக்குகளை மாற்றிப்போட்டு, குழு பேசுவதைக் குடும்பம் கேட்கும்படி செய்தார். இதற்குக் கண்ணாடியே தேவையில்லை. மூன்று மாணவர்கள் அறை ஓரத்தில், ஒருவருக்கொருவர் மட்டும் பேசிக்கொள்வது, குடும்பத்தைப் பார்க்கக் கூடாது, 6 நிமிடம். அமர்வில் கேட்டதை மட்டும் பேசலாம். தமிழில் இங்கே ஒரு பொறி உண்டு: மாணவர்கள் 'இந்த அம்மாவுக்குப் பதற்றம் அதிகம்' என்று தீர்ப்பாகப் பேசுவார்கள். 'அம்மா சாவியைப் பத்திச் சொன்னப்போ, அவங்க ரொம்ப நாளா தனியாவே காவல் காக்கறாங்களோன்னு எனக்குத் தோணுச்சு' என்று 'தோணுச்சு'வில் முடிக்கப் பழக்குங்கள். ஐந்தாறு ஒத்திகை ஆகும்.

நடிப்புப் பயிற்சியில் எல்லாரும் சீரியல் மாமியாராக மாறிவிடுவார்கள். பாத்திர அட்டையில் குணம் எழுதாதீர்கள். இரண்டே வரி: 'இன்றைக்கு எனக்கு வேண்டியது', 'கேட்காமல் நான் சொல்லமாட்டேன் என்பது'. நான்கு பாத்திரம், ஒரு சிகிச்சையாளர், இரண்டு பார்வையாளர், 12 நிமிடம். முடிந்ததும் பாத்திரத்தை விட்டு வெளியே வர நாற்காலி மாற்றி உட்காரச் சொல்லுங்கள். இதை விட்டால் அடி வாங்கிய மருமகளாக நடித்தவர் சாயங்காலம் வரை அதிலேயே இருப்பார்.

பதிவு செய்வதானால் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கையெழுத்து, பிள்ளைகளிடம் வாய்மொழிச் சம்மதமும். 'குடும்பத் தலைவர்' போட்ட ஒரு கையெழுத்து எல்லாருக்கும் ஆகாது. அழிக்கும் தேதியைப் படிவத்திலேயே எழுதுங்கள், மேற்பார்வை முடிந்து 14 நாள் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். மாணவர் போனில் ஒரு நொடிகூடப் பதிவு கூடாது.

---

ரெட்டைக்கோடு

நாலாவது கேள்விக்கு. ஜீனோகிராமிலிருந்து (தலைமுறை வாரியா வரையற குடும்பப் படம்) தொடங்குங்க. சதுரம் ஆண், வட்டம் பெண், மூணு தலைமுறை, அதெல்லாம் அப்படியே. நம்ம பக்கம் தாய்மாமன் கல்யாணம் வந்ததும் புத்தகப் படம் உடைஞ்சிடும். அக்கா மகளைக் கட்டினவர் வீட்டுல, மனைவிக்கு மாமியார் யாரு? அவங்க அம்மாவைப் பெத்த பாட்டி. கணவருக்கு மாமியார் கூடப் பிறந்த அக்கா. 'மாமியார்-மருமகள் பிரச்சினை'ன்னு மாணவர் எழுதிட்டு வருவார். உள்ளே ஓடறது ஒரு அம்மாவுக்கும் அவங்க மகளுக்கும் முப்பது வருஷமா இருக்கற கணக்கு, நடுவுல பேத்தி மாட்டிக்கிட்டிருக்கா. தலைமுறை வரிசையை நேரா வரைய முடியாது, மனைவியைக் கணவர் வரிசைக்கு ஏத்தாம கீழேயே வெச்சு சாய்வா ரெட்டைக் கோடு போடுங்க. அந்தச் சாய்வே பேசும்.

ஜீனோகிராமோட இன்னொரு காகிதத்துல வீட்டுப் படம். எத்தனை அடுப்பு, யார் எங்க படுக்கறாங்க, பீரோ சாவி யார்கிட்ட, ஏ.டி.எம். கார்டு யார்கிட்ட. குடும்ப சிகிச்சை முன்னோடி மினுச்சின் சொல்ற எல்லைகள்னா நம்ம வீடுகள்ல இதுதான். பதினாலு வயசுப் பையன் அம்மாவோட படுக்கறான், அப்பா ஹால்ல படுக்கறார்னா, இடம் இல்லாமலும் இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். ஒரே ரூம் வீட்டுல அதைக் 'குழம்பிய எல்லை'ன்னு எழுதற மாணவருக்கு வீட்டோட சதுர அடியைக் கேட்டு எழுதச் சொல்லுங்க.

சுற்றுக் கேள்விகளை (ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட கேட்கற கேள்விகளை) மொழிபெயர்த்தா வேலைக்கு ஆகாது. 'ஏன்'ல தொடங்கற கேள்வி தமிழ்ல அதட்டல். 'யார் முதல்ல கவனிச்சாங்க', 'அப்போ பாட்டி என்ன பண்ணுவாங்க', 'அதைப் பார்த்துட்டு அண்ணன் எங்க போவார்' இப்படி யார், எப்போ, அடுத்து என்னன்னு போங்க. பெரியவங்க இருக்கும்போது முதல் கேள்வியைக் குழந்தைகிட்டக் கேட்டா தாத்தா எழுந்து போயிடுவார். முதல் பத்து நிமிஷம் வயசு வரிசை. அப்புறம் தாத்தாகிட்டயே அனுமதி கேளுங்க: 'பேத்தி எப்படிப் பார்க்கறான்னு கேட்கலாங்களா ஐயா?' அவர் தலையாட்டினதும் பேத்தி சொல்றது எதிர்ப்பேச்சா ஆகாது.

முறைப்பெயரும் கவனம். இளம் மாணவர்கள் 'அங்கிள்', 'ஆன்ட்டி', 'அப்பா'ன்னு கூப்பிட்டுப் பிள்ளை இடத்துல போய் உட்கார்ந்துடறாங்க, அப்புறம் அந்த அப்பாகிட்ட ஒரு கஷ்டமான கேள்வி கேட்க வாய் வராது. 'ஐயா', 'அம்மா', 'சார்' போதும். மருமகள்கிட்ட 'உங்க மாமியார்'னு சொல்றதும் 'உங்க அத்தை'ன்னு சொல்றதும் ஒண்ணு இல்ல. அவங்க வீட்டுல எப்படிக் கூப்பிடறாங்களோ அதையே எடுத்துக்குங்க.

வரலாறு எடுக்கும்போது மனச்சிதைவையும் குடும்பப் பேச்சையும் சேர்த்துப் பார்த்த 1956 பேட்சன் கட்டுரையில தொடங்கி அமெரிக்காவுலயே முடிச்சுடாதீங்க. அதே 1950கள்ல அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளோட குடும்பத்தை வளாகத்துல கூடாரம் போட்டுத் தங்க வெச்சார். ஆளும் இடமும் பத்தாததும் ஒரு காரணம். வேலூர் சி.எம்.சி.யோட பாகாயம் மனநல மையத்துல 1957 தொடங்கி நோயாளியோட ஒரு உறவினர் தங்கறது வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ்ல குடும்பத்தையே உள்நோயாளியாச் சேர்க்கற பிரிவு உண்டு. மாணவர்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா பாகாயம் பக்கம்.

---

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. எழுத்துமூல அனுமதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு: பாடத்திட்டத்தில் மாணவர்கள் தங்கள் சொந்த வீட்டு ஜீனோகிராமை ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது, 10 மதிப்பெண். அது சரியா? அப்புறம், அமர்வு முடிந்து ராத்திரி ஒருவர் மட்டும் 'அவருக்குத் தெரிய வேண்டாம்' என்று வாட்ஸ்அப் அனுப்பினால்?

---

பதிவேடு

மதிப்பெண் கூடாது. தன் வீட்டைப் பார்ப்பது, குடும்ப சிகிச்சை முன்னோடி போவென் வழிப் பயிற்சியில் முக்கியமான பகுதிதான், அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண் போடுபவரிடம் அப்பாவின் குடியையும் அண்ணனின் தற்கொலையையும் எழுதித்தர வேண்டிய நிலை வந்தால், மாணவர் பொய் எழுதுவார், அல்லது எழுதிவிட்டு இரண்டு வருடம் உங்கள் முகத்தைப் பார்க்கத் தயங்குவார். பாடத்திட்டத்தை மாற்றும்வரை ஒரு வழி: பத்து மதிப்பெண்ணைக் கற்பனைக் குடும்பத்தின் ஜீனோகிராமுக்குக் கொடுங்கள். சொந்த வீட்டுப் படம் மாணவர் கையிலேயே இருக்கட்டும், 'வரைந்தேன், கவனித்தது இது' என்று அரைப்பக்கம், விருப்பப்பட்டால் மட்டும்.

ரகசியத்துக்கு விதி முதல் அமர்விலேயே சொல்லப்பட வேண்டும், செய்தி வந்த பிறகு அல்ல. தம்பதியருக்கு: 'தனித்தனியா நீங்க எனக்கு அனுப்பறது எதையும் நான் ரகசியமா வெச்சுக்க மாட்டேன். ஆபத்து இருந்தா மட்டும் வேற.' தனியாகப் பார்க்கும் அந்த முதல் 20 நிமிடத்தை இந்த விதியிலிருந்து விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அடி வாங்குபவர் வாய் திறக்க மாட்டார். ராத்திரிச் செய்திக்கு பதில்: 'பார்த்தேன். அடுத்த அமர்வில் இதை நீங்களே எப்படிச் சொல்வது என்று 15 நிமிடம் முன்னதாக வந்து பேசலாம்.' உள்ளடக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சொல்கூட பதில் எழுதாதீர்கள். போன் வீட்டில் கைமாறும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் இந்த விதிகள் எதுவும் இல்லை. போக்சோ 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ சொல்வது கட்டாயம், சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. 'குடும்ப மானம், நாங்களே பேசித் தீர்த்துக்கறோம்' என்று முழுக் குடும்பமும் கெஞ்சினாலும். மாணவர் காதில் விழுந்தாலும் அதே கடமைதான், இதைக் களப்பணி முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். நீங்கள் பார்க்கும் தம்பதியரில் சிலர் விவாகரத்துக்குப் போவார்கள், ஒருவரின் வழக்கறிஞர் உங்கள் குறிப்புகளைக் கேட்பார். 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது, ஆனால் வழக்கறிஞருக்கு இருப்பது போன்ற பாதுகாப்பு நமக்கு இல்லை. நீதிமன்றம் உத்தரவிட்டால் கொடுக்க வேண்டும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சாதாரணமாகச் சாட்சியத்தில் ஏறாத அறிக்கையைக்கூட ஏற்க இடம் தருகிறது. வழக்கறிஞர் கடிதத்துக்கு எதுவும் அனுப்பாதீர்கள், நீதிமன்ற ஆணைக்கு மட்டும். குறிப்பில் தேதி, நேரம், வந்தவர்கள், பேசிய பொருள், செய்தது, அடுத்த திட்டம். 'மனைவிக்கு வேறு தொடர்பு' என்று எழுதாதீர்கள், 'நம்பிக்கை குறித்து இருவரும் பேசினர்' என்று எழுதுங்கள். அடி, தற்கொலை எண்ணம், பிள்ளைக்கு ஆபத்து இவற்றை மட்டும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே, மேற்கோள் குறிக்குள், யார் சொன்னது என்றும் சேர்த்து.